காதுகேளாத குடிவரவாளர் குடியுரிமை பெறுதல் (ஐக்கிய அமெரிக்கா)

காதுகேளாத குடிவரவாளர் குடியுரிமை பெறுதல் என்பது, வேறொரு நாட்டில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் சட்டப்படி நிரந்தரமாக வாழும் காதுகேளாத ஒருவர் அந்நாட்டின் குடிமகனாகவோ குடிமகளாகவோ ஆகும் செயல்முறையையும், அதில் அவருக்குப் பிறர் அளிக்கக்கூடிய உதவிகளையும் குறிக்கும். இச்செயல்முறையின் பெரும்பகுதி நேர்முகத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, உறுதிமொழி எனப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. எனவே காதுகேளாத ஒருவர் அதனை எவ்வாறு கடப்பது என்பது சட்டத்துக்கும் மொழிக்கும் இடைப்பட்ட ஒரு கேள்வியாகும்.

இதில் இரண்டு கருத்துருக்களை வேறுபடுத்தி அறிவது முதன்மையானது. ஒன்று *வசதி ஏற்பாடு*, மற்றொன்று *விலக்கு*. வசதி ஏற்பாடு, ஒரு தகுதியை நிறைவு செய்யும் முறையை மட்டும் மாற்றுகின்றது. விலக்கு, அத்தகுதியையே தேவையற்றதாக்குகின்றது. காது கேளாமை வசதி ஏற்பாட்டுக்கு உரிமை தருகின்றது. ஆனால் அது மட்டுமே விலக்குக்குக் காரணமாகாது. இவ்வேறுபாட்டை அறியாமையே உதவ முன்வருவோர் செய்யும் பல பிழைகளுக்குக் காரணம்.

## சொல் வழக்கு

காது கேளாமை இரண்டு நோக்கில் பார்க்கப்படுகின்றது. மருத்துவ நோக்கில் அது ஒரு செவிப்புலன் குறைபாடு. பண்பாட்டு நோக்கில், சைகை மொழியைத் தமது மொழியாகக் கொண்ட ஒரு மொழிச் சமூகத்தின் அடையாளம். இரண்டாம் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் அச்சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதும் வழக்கம் உள்ளது. "ஊமை", "செவிடு" போன்ற பழைய சொற்களைக் காதுகேளாதோர் பலர் இழிவானவையாகக் கருதுவதால் இக்கட்டுரையில் அவை தவிர்க்கப்படுகின்றன. பேசாதவர் மொழியற்றவர் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

## வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காதுகேளாத குடிவரவாளர் எதிர்கொண்ட முதல் தடை நாட்டினுள் நுழைவதே ஆகும். 1882 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், தம்மைத் தாமே பேண இயலாது அரசின் செலவில் வாழக்கூடியவர் எனக் கருதப்பட்டோரைத் திருப்பி அனுப்ப வழி செய்தது. 1907 ஆம் ஆண்டின் சட்டம், பிழைப்புக்கு வருவாய் ஈட்டும் திறனைப் பாதிக்கக்கூடிய உடற்குறை உடையோரையும் விலக்கப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. இவ்விதிகளின் கீழ் காதுகேளாதோர் பலர், கையில் தொழில் இருந்தும், எல்லிசுத் தீவு போன்ற நுழைவிடங்களில் தடுத்து வைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதற்கு மாறாக, அமெரிக்கக் காதுகேளாதோர் கல்வியின் தோற்றத்தில் ஒரு காதுகேளாத குடிவரவாளருக்குப் பெரும் பங்குண்டு. பிரான்சிய ஆசிரியரான லோரன் கிளேர் 1816 இல் தாமசு காலோடெட்டுடன் அமெரிக்காவுக்கு வந்தார். 1817 இல் கனெடிகட் மாநிலத்தின் ஆர்ட்ஃபோர்டு நகரில் காதுகேளாதோருக்கான பள்ளி தொடங்கப்பட்டது. அவர் கொண்டுவந்த பிரான்சியச் சைகை மொழியும் உள்ளூர்ச் சைகைகளும் கலந்தே இன்றைய அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று.

குடியுரிமைக்கு ஆங்கிலம் ஒரு தகுதியானது 1906 ஆம் ஆண்டின் சட்டத்தாலாகும். ஆங்கிலம் பேச இயலாதவர் குடியுரிமை பெற முடியாது என்ற அச்சட்டம், உடல் நிலையால் பேச இயலாதவருக்கு அதிலேயே விதிவிலக்கும் அளித்தது. 1950 இல் ஆங்கிலம் படித்தல், எழுதுதல் ஆகியனவும் நாட்டின் வரலாறு, அரசமைப்பு பற்றிய அறிவும் தகுதிகளாயின. இவை 1952 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 312 ஆம் பிரிவில் இடம்பெற்றன. 1973 ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. பின்னர் வந்த திருத்தம் இதனை நடுவண் அரசின் சொந்த நிறுவனங்களுக்கும் விரித்தது. 1994 ஆம் ஆண்டின் திருத்தம், உடல், வளர்ச்சி அல்லது மனம் சார்ந்த குறைபாட்டால் கற்க இயலாதவருக்கு ஆங்கிலம், குடியியல் ஆகிய இரண்டிலிருந்தும் விலக்குப் பெறும் வழியை ஏற்படுத்தியது. 2000 ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், குறைபாட்டின் காரணமாக உறுதிமொழியின் பொருளை விளங்கிக்கொள்ள இயலாதவருக்கு உறுதிமொழியிலிருந்து விலக்களிக்க இடந்தந்தது.

## பொதுத் தகுதிகள்

காது கேளாமை பொதுத் தகுதிகளை மாற்றுவதில்லை. விண்ணப்பதாரர் 18 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். நிரந்தர வதிவுரிமை (பச்சை அட்டை) பெற்று 5 ஆண்டுகள் ஆகியிருத்தல் வேண்டும். அமெரிக்கக் குடிமக்களை மணந்து அவருடன் வாழ்பவருக்கு இது 3 ஆண்டுகள். ஐந்தாண்டு விதியின்படி குறைந்தது 30 மாதங்கள் நாட்டினுள் இருந்திருத்தலும், நன்னடத்தை உடையவராக இருத்தலும் தேவை. காலம் நிறைவதற்கு 90 நாட்கள் முன்னரே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பப் படிவம் என்-400 எனப்படுகின்றது. 2003 மார்ச்சு 1 முதல் இப்பணியை ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் நிறுவனம் செய்து வருகின்றது. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, தாள் விண்ணப்பத்துக்கு 760 டாலரும் இணையவழி விண்ணப்பத்துக்கு 710 டாலரும் செலுத்த வேண்டும். குறைந்த வருவாய் உடையோர் கட்டணக் குறைப்போ விலக்கோ கோரலாம்.

விண்ணப்பித்த பின் கைரேகை முதலிய உடற்பதிவு, நேர்முகமும் தேர்வும், உறுதிமொழி விழா என மூன்று நேரடிச் சந்திப்புகள் பொதுவாக நிகழும். ஒவ்வொன்றிலும் தகவல் தொடர்பு தேவைப்படுவதால், மூன்றுக்கும் வசதி ஏற்பாடு கோரப்பட வேண்டியிருக்கலாம்.

## தேர்வுகள்

### ஆங்கிலம்

சட்டம் எதிர்பார்ப்பது அன்றாட வழக்கிலுள்ள எளிய ஆங்கிலத்தையே ஆகும். படித்தலில் மூன்று வாக்கியங்களுள் ஒன்றையும், எழுதுதலில் மூன்றுள் ஒன்றையும் சரியாகச் செய்தால் போதும். பேசுதலுக்குத் தனித் தேர்வு இல்லை. என்-400 படிவத்திலுள்ள செய்திகளைப் பற்றி அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு அளிக்கும் விடைகளிலிருந்தே அது மதிப்பிடப்படுகின்றது. இந்தப் பகுதிகளிலேயே காதுகேளாதவருக்கு வசதி ஏற்பாடு தேவையாகின்றது. அவரது நிலைக்கேற்பச் சைகை மொழி, எழுத்து, உதட்டசைவைப் படித்தல் போன்ற வழிகள் பயன்படுத்தப்படலாம்.

### குடியியல்

2025 அக்டோபர் 20 க்கு முன் விண்ணப்பித்தோருக்கு 2008 ஆம் ஆண்டின் தேர்வு உரியது. அதில் 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்கப்படும். 6 சரியாக இருத்தல் வேண்டும். அந்நாளிலோ அதன் பின்னரோ விண்ணப்பித்தோருக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்கப்படும். 12 சரியாக இருத்தல் வேண்டும்.

### வயது சார்ந்த சலுகைகள்

50 வயது நிறைந்து 20 ஆண்டுகள் நிரந்தர வதிவாளராக இருந்தவருக்கும், 55 வயது நிறைந்து 15 ஆண்டுகள் இருந்தவருக்கும் ஆங்கிலத் தேர்வு இல்லை. அவர்கள் குடியியல் தேர்வை மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதவோ சொல்லவோ வேண்டியிருக்கும். 65 வயது நிறைந்து 20 ஆண்டுகள் இருந்தவருக்கு 20 கேள்விகள் மட்டுமே கொண்ட தனிப் பட்டியல் உண்டு. காதுகேளாத முதியவர் ஒருவருக்கு உதவுவோர், மருத்துவச் சான்றிதழைத் தேடும் முன்னர் இச்சலுகைகள் பொருந்துமா என்று பார்த்தல் நன்று.

## சைகை மொழியும் ஆங்கிலமும்

அமெரிக்கச் சைகை மொழி ஆங்கிலத்தின் கைவடிவம் அன்று. அதற்கெனத் தனிச் சொற்களும் இலக்கணமும் உண்டு. 1960 இல் மொழியியலாளர் வில்லியம் இசுடோக்கோ வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவத் தொடங்கியது. ஆம்-இல்லை வகைக் கேள்வியில் புருவம் உயர்வதும், யார், எங்கே வகைக் கேள்வியில் புருவம் சுருங்குவதும் அம்மொழியின் இலக்கணக் கூறுகளே. அறியாத அலுவலர் அதனை வியப்பு என்றோ சினம் என்றோ கொள்ளக்கூடும்.

சைகை மொழிகள் உலகம் முழுவதும் ஒன்றானவையும் அல்ல. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டிலிருந்து செல்லும் காதுகேளாதவர் பொதுவாக இந்தியச் சைகை மொழியை அறிந்திருப்பார். அதன் விரல் எழுத்துகள் பிரித்தானிய முறையைத் தழுவி இரு கைகளால் காட்டப்படுபவை. அமெரிக்க விரல் எழுத்துகள் ஒரு கையால் காட்டப்படுபவை. எனவே தம் பெயரை எழுத்துக்கூட்டிக் காட்டுவதைக் கூட அவர் புதிதாகக் கற்க வேண்டும். எழுத்தளவில் ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது அல்லது நான்காவது மொழியாக இருக்கக்கூடும். "தாளில் எழுதிக் காட்டினால் போதுமே" என்ற எண்ணம் பல வேளைகளில் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

காதுகேளாத குழந்தைகளுள் பெரும்பாலானோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். பள்ளியோ சைகை மொழிச் சூழலோ இல்லாத இடத்தில் வளரும் குழந்தை, மொழியைப் பெறுவதற்கு ஏற்ற இளமைக் காலத்தை மொழியின்றிக் கழிக்க நேரிடுகின்றது. இது *மொழியிழப்பு* எனப்படுகின்றது. இத்தகையோர் வளர்ந்த பின் வீட்டுச் சைகைகளை மட்டுமே அறிந்திருப்பர். "அரசமைப்பு", "உரிமை" போன்ற கருத்துகளை அவர்களுக்கு விளக்குதல் சொல்லை மாற்றித் தருவதால் மட்டும் முடிவதில்லை.

## வசதி ஏற்பாடுகள்

504 ஆம் பிரிவின் கீழ், குடிவரவுச் சேவை நிறுவனம் சைகை மொழிபெயர்ப்பாளரைத் தன் செலவில் ஏற்பாடு செய்தல் வேண்டும். விண்ணப்பதாரர் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மருத்துவச் சான்றும் பொதுவாகத் தேவையில்லை. கோரிக்கையை அந்நிறுவனத்தின் இணையத்தளம் வழியாகவோ தொலைபேசி மையம் வழியாகவோ அளிக்கலாம். சந்திப்பு அறிவிப்பு வந்தவுடனேயே கோருதல் நல்லது. கோரிக்கையில் பின்வருவன தெளிவாக இருத்தல் வேண்டும்:

* எந்தச் சைகை மொழி தேவை (அமெரிக்கச் சைகை மொழியா, வேறொன்றா)
* காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் தேவையா
* பார்வைக் குறைபாடும் இருந்தால் பெரிய எழுத்து, பிரெயில் அல்லது தொடுகை வழிச் சைகை தேவையா
* எந்தச் சந்திப்புக்கு (உடற்பதிவு, நேர்முகம், உறுதிமொழி)

### காதுகேளாத மொழிபெயர்ப்பாளர்

சான்று பெற்ற காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் என்பவர் தாமும் காதுகேளாதவரே ஆவார். கேட்கும் மொழிபெயர்ப்பாளர் அலுவலரின் ஆங்கிலத்தை அமெரிக்கச் சைகை மொழிக்கு மாற்றுவார். அதனைக் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் வீட்டுச் சைகை, படம், நடித்துக் காட்டல் முதலியவற்றின் துணையோடு விண்ணப்பதாரருக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றுவார். விடை இதே வழியில் திரும்பி வரும். இவ்வாறு இரு படிகள் இருப்பதால் நேர்முகத்துக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

### குடும்பத்தினர் மொழிபெயர்த்தல்

மகனோ மகளோ உடன் சென்று மொழிபெயர்ப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் நேர்முகத்தில் அளிக்கும் விடைகள் உறுதிமொழியின் கீழ் அளிக்கப்படுபவை. கைது, வரி, திருமணம், பழைய அமைப்புகளில் உறுப்பினராக இருந்தமை பற்றியும் கேட்கப்படும். குடும்பத்தினர் கேள்வியைச் சுருக்கிவிடலாம், விடையைத் தாமே சொல்லிவிடலாம். அது பொய்ச் சான்றாகக் கொள்ளப்படும் வாய்ப்பும் உண்டு.

மற்றோர் இடர் தலையசைப்பு. காதுகேளாதோர் பலர், "கவனித்துக்கொண்டிருக்கிறேன்" என்னும் பொருளில் தலையசைப்பர். "நீங்கள் எப்போதாவது உங்களை அமெரிக்கக் குடிமகன் என்று கூறிக்கொண்டதுண்டா?" என்ற கேள்விக்கு அத்தகைய தலையசைப்பு "ஆம்" எனப் பதிவானால், விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு நாட்டில் வாழும் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பார்.

## மருத்துவச் சான்று வழி விலக்கு

ஆங்கிலம் அல்லது குடியியல் தேர்விலிருந்து விலக்குக் கோர என்-648 என்னும் படிவம் பயன்படுகின்றது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பொதுவாக என்-400 உடன் சேர்த்தே அளிக்கப்பட வேண்டும். இதனை ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவர், ஆசுட்டியோபதி மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர் மட்டுமே நிரப்பலாம். செவித்திறன் ஆய்வாளரோ பள்ளி ஆசிரியரோ நிரப்ப இயலாது.

குறைபாடு 12 மாதங்களேனும் நீடித்திருக்க அல்லது நீடிக்கும் என எதிர்பார்க்கப்பட வேண்டும். அக்குறைபாடு கற்றலை எவ்வாறு இயலாததாக்குகின்றது என்ற தொடர்பை மருத்துவர் விளக்க வேண்டும். "இவருக்குக் காது கேளாது" என்று மட்டும் எழுதிய சான்று ஏற்கப்படாது. ஏனெனில் காது கேளாமையால் எழுத்துக் கற்க முடியாமற் போவதில்லை. எழுத்தறிவின்மையோ முதுமையோ மட்டும் காரணமாகாது. ஆனால் மொழியிழப்பின் விளைவாகவோ மூளைக் காய்ச்சல் போன்ற நோயின் விளைவாகவோ புதிய மொழியைக் கற்கும் திறன் பாதிக்கப்பட்டிருப்பின், அதனை ஆய்ந்து விளக்கும் சான்று பொருத்தமானதாகும்.

விலக்கு ஏற்கப்பட்டாலும் நேர்முகம் நீங்குவதில்லை. அது மொழிபெயர்ப்பாளர் வழியாக விண்ணப்பதாரரின் மொழியில் நடைபெறும்.

### மூன்று எடுத்துக்காட்டுகள்

கீழுள்ளவை விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டவை.

1. காதுகேளாதோர் பள்ளியில் படித்து ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்: மொழிபெயர்ப்பாளர் என்னும் வசதி ஏற்பாடு போதும். என்-648 தேவையில்லை, அளித்தால் ஐயத்துக்கும் காலத்தாழ்வுக்கும் இடமாகும்.
2. சைகை மொழி நன்கறிந்த, ஆனால் ஆங்கில எழுத்து அறியாத 57 வயதினர், 16 ஆண்டுகளாக நிரந்தர வதிவாளர்: வயதுச் சலுகையால் ஆங்கிலத் தேர்வு இல்லை. குடியியலைச் சைகை மொழியில் கற்று விடையளிக்கலாம்.
3. பள்ளிக்கே செல்லாத, வீட்டுச் சைகை மட்டும் அறிந்த 35 வயதினர்: காதுகேளாத மொழிபெயர்ப்பாளரும், மருத்துவ ஆய்வுக்குப் பின் தகுந்தால் என்-648 உம் தேவைப்படலாம்.

## கற்பித்தல்

குடியியல் பாடத்தைக் காதுகேளாதவருக்குக் கற்பிப்பதில் காட்சி வழிமுறைகள் பயன் தருகின்றன. நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் கோடாக வரைதல், நாட்டுப்படம், தலைவர்களின் படம் ஆகியன அடிப்படை. அமெரிக்கச் சைகை மொழியின் சொல்லமைப்பும் துணை செய்கின்றது. "சட்டம்" என்ற சொல்லும் "அரசமைப்பு" என்ற சொல்லும் திறந்த உள்ளங்கையின் மீது ஒரே அசைவால் காட்டப்படுகின்றன. கைவடிவம் மட்டுமே வேறு. எனவே ஒன்று மற்றொன்றின் வகை என்பது சைகையிலேயே விளங்கும்.

"எப்போதாவது" எனத் தொடங்கும் படிவக் கேள்விகளைத் தனியே பயிற்றுதல் வேண்டும். "பிறந்த நாள் முதல் இன்று வரை, ஒரு முறையேனும்" என்று காலக்கோட்டில் காட்டுவது ஒரு வழி. விளங்காதபோது "விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" எனக் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துவது, நூறு விடைகளை மனனம் செய்விப்பதிலும் இன்றியமையாதது.

## உதவுவோரின் எல்லைகள்

தன்னார்வலர் பாடம் கற்பிக்கலாம், ஆவணங்களைத் திரட்ட உதவலாம், உடன் செல்லலாம். ஆனால் ஒருவர் விண்ணப்பிக்கலாமா, பழைய கைது ஒன்று அவரைப் பாதிக்குமா போன்ற சட்ட அறிவுரையை வழக்குரைஞரோ நீதித்துறையின் ஏற்புப் பெற்ற பிரதிநிதியோ மட்டுமே அளிக்கலாம். படிவத்தை நிரப்பித் தந்தவரும் மொழிபெயர்த்தவரும் அதற்குரிய இடத்தில் கையொப்பமிட வேண்டும். சைகையில் கேட்டு எழுதியவருக்கும் இது பொருந்தும். விண்ணப்பதாரருக்கு ஒவ்வொரு கேள்வியும் விளங்கிய பின்னரே அவரிடம் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

காணொளி அஞ்சல் சேவை வழியாகக் காதுகேளாதவர் தாமே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்க இயலும். ஆகவே அவருக்காகப் பேசுவதிலும், அவரே பேச வழி செய்வது சிறந்த உதவியாகும்.

## உறுதிமொழி

உறுதிமொழி விழாவிலும் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். அலுவலரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே பார்வையில் தெரியுமாறு இருக்கை அமைதல் வேண்டும். வாயால் சொல்ல இயலாதவர் சைகையாலோ வேறு குறிப்பாலோ தம் இசைவைத் தெரிவிக்கலாம். உறுதிமொழி எடுத்த பின்னரே ஒருவர் குடிமகனாகின்றார். நேர்முகத்தில் தேறுவது மட்டும் போதாது.

## மறுக்கப்பட்டால்

முதல் தேர்வில் தவறிய பகுதிக்கு 60 முதல் 90 நாட்களுக்குள் இரண்டாம் வாய்ப்பு அளிக்கப்படும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் என்-336 படிவம் மூலம் மறு விசாரணை கோரலாம். அதன் பின் நடுவண் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். மீண்டும் விண்ணப்பிக்கவும் தடையில்லை. தேர்வில் தவறுவதால் மட்டும் நிரந்தர வதிவுரிமை பறிபோவதில்லை. மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் அவரின்றியே நேர்முகத்தைத் தொடர ஒப்புக்கொள்வதை விட, வேறு நாள் கோருவது பாதுகாப்பானது.

## முக்கியத்துவம்

குடியுரிமை பெற்றவர் நடுவண் தேர்தல்களில் வாக்களிக்கலாம், அமெரிக்கக் கடவுச்சீட்டுப் பெறலாம், தம் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். நாடு கடத்தப்படும் அச்சமும் நீங்குகின்றது. ஒரு காலத்தில் காது கேளாமையையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய நாட்டில், அதே மக்கள் தம் மொழியிலேயே உறுதிமொழி எடுக்க இன்று சட்டம் இடமளிக்கின்றது. அவ்வுரிமை உரிய நேரத்தில் கோரப்படும்போதே பயனளிக்கின்றது.

## இவற்றையும் பார்க்க

* அமெரிக்கச் சைகை மொழி
* இந்தியச் சைகை மொழி
* எல்லிசுத் தீவு
* குடியுரிமை